பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள்: முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் வீட்டு வயர் எப்படி?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு மின்சாமான் கடையில் நின்று "7/0.67 ஒரு ரோல் தாங்க" என்று கேட்டால், அளவைப் பற்றி யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. "என்ன கலர்?" என்றுதான் கேட்பார்கள். "எது இருந்தாலும் பரவாயில்லை அண்ணே" என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்ததை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வீட்டுக்காரர்கள் பலர். பத்து வருடம் கழித்து அதே வீட்டில் சுவருக்குள் பதித்த சன்க் பொக்ஸைத் திறக்கப்போகிறவர், இந்தப் பதிலை நம்பித்தான் கை வைப்பார்.

இங்கே மதிப்பிடப்படுவது மூன்று பொருட்கள்: 100 மீற்றர் ரோலாக வரும் ஒற்றைச் செப்பு வயர், அதன் முனையில் போடும் நிற உறை, நிறம் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் டெஸ்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எஸ்.எல்.எஸ். முத்திரை (இலங்கைத் தரக் குறி) உள்ள பிரவுன் (மின் வரும் லைவ்), நீலம் (மின் திரும்பும் நியூட்ரல்), பச்சை-மஞ்சள் (பாதுகாப்புக்கான ஏர்த்) ரோல்கள் தாராளமாக வாங்கத்தக்கவை. வெப்பத்தில் சுருங்கும் உறை மிக நல்லது. இன்சுலேஷன் டேப் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் போல இருக்கும் நியோன் டெஸ்டர் மட்டும் பையில் இருக்கிற ஆளிடம் பழைய, புதிய நிற முறை இரண்டும் கலந்த வீட்டைக் கொடுக்கக்கூடாது.

முதலில் வயர். 7/0.67 என்றால் 0.67 மி.மீ. விட்டமுள்ள ஏழு செப்பு இழைகள். பெருக்கிப் பார்த்தால் 2.47 சதுர மி.மீ. வரும், பெட்டியில் 2.5 என்று போட்டிருப்பார்கள். 13 அம்பியர் பிளக் பொயின்ட்டுகளுக்கு இதுதான். 1/1.13 என்பது ஒரே தடித்த இழை, 1 சதுர மி.மீ., லைட்டுக்கு. 7/0.85 என்பது 4 சதுர மி.மீ., 7/1.04 என்பது 6. உறையின் மேல் தயாரிப்பாளர் பெயர், அளவு, 450/750 வோல்ட், எஸ்.எல்.எஸ். குறி ஆகியவை திரும்பத் திரும்ப அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் இரண்டு முறை தேய்த்தவுடன் அச்சு உரிந்து வந்தால் அந்த ரோலைத் திருப்பிக் கொடுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை எடைதான். 100 மீற்றர் 2.5 வயரில் செப்பு மட்டும் ஏறக்குறைய 2.2 கிலோ இருக்கும். 0.8 மி.மீ. தடிப்பில் வரும் பி.வி.சி. உறை இன்னும் ஒரு கிலோ. ஆகவே ரோல் 3 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டரை கிலோ காட்டினால் இழை மெல்லியது, அல்லது நீளம் குறைவு, அல்லது உள்ளே இருப்பது செப்புப் பூசிய அலுமினியம். கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி போல மின்னினால் அலுமினியம். அது செப்பைவிட ஒன்றரை மடங்கு தடை உள்ளது. திருகுக்கு அடியில் மெல்ல மெல்ல நசுங்கித் தளர்ந்து, பிளக் பொயின்ட்டைக் கருக வைக்கும்.

மல்ட்டிமீற்றர் வைத்திருப்பவர்கள் ரோலின் இரு முனையையும் அளக்கலாம். 2.5 வயருக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் தடை 20 பாகையில் கிலோமீற்றருக்கு 7.41 ஓம், அதாவது ரோலுக்கு 0.74. கொழும்பு வெயிலில், 30 பாகையில், 0.77 வரை போகலாம். மீற்றரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சின்ன மீற்றர்களில் அதுவே 0.2, 0.3 காட்டும்; கழிக்காமல் விட்டால் நல்ல வயரையும் பழுது என்று சொல்லிவிடுவோம்.

பச்சை-மஞ்சள் ரோலை மட்டும் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த இடத்தில் 15 மி.மீ. துண்டை எடுத்துக்கொண்டாலும் இரண்டு நிறத்தில் ஒன்று 30 முதல் 70 சதவீதம் வரை மேற்பரப்பை மூடியிருக்க வேண்டும், மிச்சத்தை மற்றது மூட வேண்டும் என்பது விதி. மலிவான ரோல்களில் மஞ்சள், நூல் போல ஒரு கோடாக மட்டும் ஓடும். குழாய்க்குள் போய் ஒரு திருப்பம் திரும்பினால், முனையில் தெரிவது வெறும் பச்சைதான். வெறும் பச்சை இன்றைய விதியில் ஏர்த்துக்கே செல்லாது.

இந்த இரட்டை நிறம் ஏன் வந்தது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. பிரித்தானியாவில் பழைய முறை சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். நமக்கும் அதுவே வந்து சேர்ந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் சிவப்புதான் ஏர்த். அங்கிருந்து வந்த ஒரு சாதனத்தின் சிவப்பு வயரை லைவில் போட்டால், சாதனத்தின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சாதனத்தை விற்கத் தொடங்கியபோது இதை அப்படியே விட முடியவில்லை. இன்னொரு காரணம் கண். ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. லைவும் ஏர்த்தும் சிவப்பு, பச்சை என்று இருந்தால், அவர்களுக்கு மங்கலான கூரைக்குள் இரண்டும் ஒரே அழுக்கு நிறம். பிரவுன், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த பட்டை என்று வைத்தால், நிறம் தெரியாவிட்டாலும் பட்டை தெரியும். நம் பாடப்புத்தகம் கபிலம் என்று சொல்லும் அந்தப் பிரவுன் எப்படி லைவ் ஆனது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சாதனங்களின் வயர் 1970 ஐ ஒட்டியே மாறிவிட்டது. அயன், கேத்தல், அரைக்கும் மெஷின் எல்லாவற்றிலும் பிரவுன், நீலம் வந்துவிட்டது. சுவருக்குள் போகிற வயர் மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் சிவப்பு, கறுப்பிலேயே நின்றது. பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதியின் திருத்தம் 2004 மார்ச் 31 இல் புதிய நிறத்தை அனுமதித்தது. 2006 ஏப்ரல் 1 முதல் புதிய வேலைகளுக்குக் கட்டாயமாக்கியது. இலங்கையின் வயரிங் வேலை பிரித்தானிய விதியை ஒட்டி நடப்பதால் மாற்றம் இங்கேயும் வந்தது. அதனால்தான் முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் சிவப்பு, கறுப்பு ரோல்களும் பிரவுன், நீல ரோல்களும் ஒரே அடுக்கில் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் ஐம்பது வருட வீடு ஒன்றுக்கு மேல்மாடி கட்டினால், கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை.

ஒற்றைப் பேஸ், அதாவது ஒரே ஒரு லைவ் வரும் வீட்டில் இது பெரிய ஆபத்து இல்லை. பிரவுன் சிவப்போடு, நீலம் கறுப்போடு. கண்ணுக்கே பொருத்தம் தெரியும். மூன்று பேஸ் வீட்டில்தான் உயிர் ஊசலாடும். பழைய முறையில் மூன்று லைவ்: சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. புதிய முறையில் மூன்று லைவ்: பிரவுன், கறுப்பு, சாம்பல்; நியூட்ரல் நீலம். நீலமும் கறுப்பும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. புதிய மாற்றத்தின் மிக மோசமான அம்சம் இதுதான். ஏ.சி. நான்கைந்து போட்டு மூன்று பேஸ் எடுத்திருக்கும் வெள்ளவத்தை வீட்டில், பழைய நீல லைவைப் புது நீல நியூட்ரலோடு சேர்த்துவிட்டால், அந்த சேர்க்கிட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் 230 க்குப் பதில் இரண்டு பேஸுக்கு இடையிலான 400 வோல்ட் போகும். ஃப்ரிட்ஜ், டி.வி., ரவுட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். சில நேரம் நெருப்பும் பிடிக்கும். எனவே பழையதும் புதியதும் சந்திக்கிற இடத்தில், இரண்டு பக்க வயர்களிலும் எல்1, எல்2, எல்3 (மூன்று லைவ்), என் (நியூட்ரல்) என்று எழுத்தால் குறிப்பது கட்டாயம். இந்த இடத்தில் நிறத்தை மட்டும் நம்பி விடவே கூடாது.

வெளிநாட்டுச் சாமான்களும் இதே குழப்பத்தைக் கொண்டு வரும். டொரொன்டோவில் இருந்து சொந்தக்காரர் கொண்டு வரும் எக்ஸ்டென்ஷன் வயரில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை ஏர்த். கறுப்பு என்றாலே நியூட்ரல் என்று பழகிய கை அதை அப்படியே மாற்றிப் போடும். 120 வோல்ட் சாமானை டிரான்ஸ்ஃபோர்மர் வைத்துப் பாவிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இனி எத்தனை ரோல். நிறம் பிழையாவதற்குப் பாஸ்மாரின் (வயரிங் வேலை செய்பவர்களின்) அறியாமையைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் பல பிழைகளுக்குக் காரணம் ரோல் தீர்ந்துபோவதுதான். பிளக் சேர்க்கிட்டில் பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள் மூன்றும் சம நீளம் போகும். லைட் சேர்க்கிட்டில் அப்படி இல்லை. லைவ் சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து இன்னொரு வயர் பல்புக்கு ஏறும். அந்த இரண்டாவது வயரும் லைவ்தான். அதுவும் பிரவுனாகவே இருக்க வேண்டும். எனவே லைட்டுக்கு நீலம் ஒரு ரோல் வாங்கினால், பிரவுன் இரண்டு ரோல் வாங்குங்கள். நீலமும் பிரவுனும் சமமாக வாங்கிக் கொடுத்தால், மூன்றாவது அறைக்கு வரும்போது பிரவுன் முடிந்து, மூலையில் கிடக்கும் நீலம் கண்ணில் படும். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாஸ் என்ன செய்வார்? சுவிட்சில் இருந்து போகும் லைவ் நீலமாகிவிடும். பல்பைக் கழற்றப் போகிறவர் நீலத்தைப் பார்த்து நியூட்ரல் என்று தொட்டால் கரண்ட் அடிக்கும். ஒரு ரோல் மேலதிகமாக வாங்கும் காசு, இந்தப் பிழையைத் திருத்த மறுபடியும் சுவரை உடைக்கும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரட்டை வயர், அதாவது ஒரே வெளியுறைக்குள் பிரவுனும் நீலமும் இருப்பதை சுவிட்சுக்கு இறக்குகிறவர்கள், அந்த நீலத்தின் இரண்டு முனையிலும் பிரவுன் உறை போட்டே ஆக வேண்டும். இரண்டு இடத்தில் இருந்து அணைக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் அதே நியாயம். ஆனால் பச்சை-மஞ்சளுக்கு மேல் எந்த உறையும் போட்டு அதை லைவாகவோ நியூட்ரலாகவோ மாற்றக்கூடாது. அது ஏர்த்துக்கு மட்டும் உரியது. எவ்வளவு அவசரம் என்றாலும் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

உறைகளில், வெப்பத்தில் சுருங்கும் வகைக்கே முழு மதிப்பெண். 2.5 வயரின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 3.6 மி.மீ.; 6 மி.மீ. உறை வாங்கினால் சூடு பட்டு பாதியாகச் சுருங்கி இறுகப் பிடிக்கும். முனையைத் திருகுவதற்கு முன்பே வயரில் கோர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. சாதாரண பி.வி.சி. உறையும் பரவாயில்லை, கொஞ்சம் தளர்வாக இருக்கும், செங்குத்தான வயரில் கீழே வழுக்கும். நிற இன்சுலேஷன் டேப்பை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய முடியாது. தகரக் கூரையின் கீழ், கடற்காற்றின் ஈரத்தில், இரண்டு மூன்று வருடத்தில் பசை களிம்பாகி டேப் அவிழ்ந்து விழுந்துவிடும். பிறகு அந்த வயர் என்ன சொல்ல வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பழைய நிறங்களும் நிலைத்து நிற்பதில்லை. கூரைச் சூட்டில் வருடக்கணக்காக வெந்த சிவப்பு, பார்ப்பதற்கு பிரவுனாகவே தெரியும். சீமெந்துத் தூசி படிந்த நீலம் சாம்பல் ஆகும். மஞ்சள் வெளிச்சம் தரும் டோர்ச்சில் நீலமும் கறுப்பும் ஒன்று போல. வெள்ளை வெளிச்ச டோர்ச் ஒன்றை வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் உள்ளே இழுத்துப் பாருங்கள். குழாய்க்குள் இருந்த பகுதியில் அசல் நிறம் இருக்கும். இதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்து, சோதித்த பிறகு.

அந்தச் சோதனைக்கு எதை வாங்குவது? நியோன் டெஸ்டர் மலிவு, எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும். அது உடம்பு வழியே போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிவது. றப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் மங்கும். பல்கனி வெயிலில் எரிவதே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால் வருவது. பல்பின் வழியாக லைவ் நியூட்ரல் வயருக்குள் வந்துவிடும். அப்போது பிரவுனிலும் எரியும், நீலத்திலும் எரியும். நிறத்தைச் சந்தேகப்பட்டு வயரை மாற்றிப் போட்டால் அங்கிருந்து பிழைக்கு மேல் பிழை. தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் பக்கத்து வயரின் புலத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். இரண்டு முள்ளுள்ள வோல்ட் டெஸ்டர்தான் இந்த வேலைக்கு உரியது. முதலில் இந்த மெயினில் சேராத, கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு சோதிக்க வேண்டிய இடம், பிறகு மறுபடியும் அதே பிளக். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும்.

மூன்று விளக்குள்ள 13 அம்பியர் சொக்கெட் டெஸ்டர் வீட்டுக்காரர் தாமே வைத்திருக்க நல்ல சாமான். லைவும் நியூட்ரலும் மாறியிருந்தாலும், ஏர்த் இல்லாவிட்டாலும் காட்டிவிடும். ஆனால் நியூட்ரலும் ஏர்த்தும் மாறியிருந்தால் "சரி" என்றே சொல்லும். இரண்டும் பூச்சிய வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அதற்கு வித்தியாசம் தெரியாது. கேத்தலைப் போட்டவுடன் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் இந்தப் பிழையைச் சந்தேகியுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீட்டில் இந்தப் பிழை யாருக்கும் தெரியாமலே ஓடும். நம் வீடுகளின் ஏர்த் மண்ணில் அடித்த கம்பியில் முடிகிறது. அந்தக் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்தால், 2,000 வாட் கேத்தலின் மின்னோட்டம் அதன் வழியே போகும்போது வீட்டின் ஏர்த் எல்லாம் கிட்டத்தட்ட 99 வோல்ட்டில் நிற்கும். ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், கீசர் எல்லாம் சேர்த்து. இதைக் கண்டுபிடிக்க, மெயினை அணைத்து, சாதனங்களைக் கழற்றி, டி.பி.யில் (மின் பகிர்வுப் பெட்டியில்) அந்த சேர்க்கிட்டின் நியூட்ரலை மட்டும் நியூட்ரல் பாரிலிருந்து விடுவித்து, அதற்கும் சொக்கெட்டின் நியூட்ரல் துளைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்ட்டிமீற்றரில் பாருங்கள். இந்த வேலையை என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ளவரிடம் கொடுப்பதுதான் சரி.

பிளக் மாட்டும்போது பலர் தடுமாறுவதால் ஒரு வரி. ஏர்த் முள் மேலே இருக்கும்படி மூடியைத் திறந்து பார்த்தால், பிரவுன் வலப்பக்கம் ஃபியூஸுக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை-மஞ்சள் மேலே, மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக. வயர் இழுபட்டால் கடைசியாகக் கழல்வது ஏர்த்தாக இருக்க வேண்டும். ஃபியூஸிலும் நிறம் உண்டு: 3 அம்பியர் சிவப்பு எழுத்து, 13 அம்பியர் பிரவுன். மேசை லாம்புக்கு 13 போட்டால் வயர் கருகும் வரை ஃபியூஸ் பார்த்துக்கொண்டிருக்கும்.

வயர், உறை, டெஸ்டர் எல்லாம் வாங்கிய கையோடு நான்கு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு காகித அட்டையும் வெட்டி டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். "கீழ் மாடி லைட், பிளக்: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். மேல் மாடி: பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல். மெயின் பழைய மூன்று பேஸ், நீலம் லைவ். சேர்ந்த இடம்: படிக்கட்டுக்கு மேலுள்ள பொக்ஸ்." இந்த நான்கு வரி போதும், கீழே திகதி. மார்க்கர் மை சில வருடத்தில் மங்கிவிடும், பென்சிலால் எழுதுங்கள்.